மிச்சத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது

ஒரு கேள்வித்தாளைத் தமிழுக்குக் கொண்டுவர உங்களுக்கு ஏன் இரண்டு ஆண்டுகள் ஆயின என்று போன மாதம் கவிதா என்னைக் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. நான் ஓய்வு பெற்ற ஆய்வுப் பிரிவில் இப்போது என் வேலையைப் பார்ப்பவள் அவள். பெரியவர்களின் சாப்பாட்டுப் பழக்கத்தை அளக்கும் புதிய படிவம் ஒன்றைக் கணினியில் போட்டிருக்கிறாள்; அது ஐந்து நிமிடத்தில் தமிழாக்கித் தந்துவிட்டது. அதைக் கைப்பேசியில் எனக்கு அனுப்பி, ஒரு தடவை பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். சந்திப்பிழைகூட இல்லை. "கடந்த வாரத்தில் தாங்கள் எத்தனை நாள்கள் காலை உணவு உட்கொண்டீர்கள்?" என்பது முதல் கேள்வி.

"நல்லாத்தானே இருக்கு அக்கா? அப்புறம் ஏன் உங்களுக்கு அவ்ளோ நாள் ஆச்சு?"

தொலைபேசியில் சொல்லி முடிகிற பதில் இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் பெரிய பட்டம் வாங்கி இந்த வேலைக்கு வந்தவள் அல்ல. பள்ளியில் ஆறாம் படிவம் வரை படித்து முடித்ததும் ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனைச் சமையற்கட்டில், நோயாளிகளின் தட்டுகளுக்குச் சீட்டு எழுதும் வேலையில் சேர்ந்தேன். உப்பில்லாதது, சீனியில்லாதது, மாட்டிறைச்சி கூடாதது, கஞ்சி மட்டும் என்று நாள் முழுக்கச் சீட்டுகள். இடையில் ஊட்டச்சத்து பற்றிய ஒரு சான்றிதழ்ப் படிப்பு. அதன்பின் கெலுகோரில் ஓர் ஆய்வுப் பிரிவுக்குத் தமிழில் கேள்வி கேட்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். மலாயும் ஆங்கிலமும் பேசுவேன், தமிழில் பிழையில்லாமல் எழுதுவேன் என்பதுதான் என் தகுதி. அந்தத் தகுதியை வைத்துக்கொண்டே ஓய்வு பெறும்வரை அங்கே இருந்துவிட்டேன்.

எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் ஹமீதா. ஒல்லியான மலாய்க்கார அம்மா. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் நான் எழுதிய தமிழில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்துவிடுவார். அவருடைய முறை ஒன்றுதான். கேள்வி எழுதிய தாளை என் கையிலிருந்து வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைப்பார். "இப்போ பார்க்காம சொல்லுங்க, புஷ்பா. பக்கத்து வீட்டு அம்மாகிட்ட கேட்கிற மாதிரி" என்பார் மலாயில். நான் எழுதியது ஒன்றும், வாயில் வருவது வேறொன்றுமாக இருக்கும். என் வாய் திணறுகிற இடத்தில் அவர் பென்சிலால் காற்றில் ஒரு கோடு போடுவார். அவ்வளவுதான். தப்பு என்று சொல்லிக் கேட்டதில்லை.

எங்கள் வேலை இன்னதென்று சொல்லிவிடுகிறேன். ஒருவர் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு, எத்தனை தடவை என்பதை அவர் வாயாலேயே கேட்டு எண்ணாக்க வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் இனிப்புநீர் என்கிற நீரிழிவு, இரத்தக்கொதிப்பு என்று மேலே ஆராய்வார்கள். வெளிநாட்டில் செய்த படிவத்தை அப்படியே இங்கே கேட்டால் ரொட்டியும் வெண்ணெயும்தான் வரும். அதனால் நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு, நம் மூன்று மொழிகளுக்கு, புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. தமிழ்ப் பகுதி என் பொறுப்பு.

மொழிபெயர்ப்புக்கு ஒரு நடைமுறை உண்டு. நான் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவேன். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் என் தமிழை மறுபடி ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனால் தமிழ் சரி என்று பொருள். அந்த இன்னொருவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் மாணிக்கம் சார். அவரும் நானும் செய்ததில் இரண்டு ஆங்கிலமும் அச்சடித்தாற்போல் ஒத்துப்போயின. எனக்குப் பெருமை தாங்கவில்லை. டாக்டர் ஹமீதா மட்டும், "படித்தவர்கள் ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்கிட்டீங்க. நல்லது. இனிமே வெளியே போய்க் கேளுங்க" என்றார்.

முதலில் பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷனாக இருந்த சேகரன் என்பவர் வீடு. காலை ஷிப்ட் வேலை முடிந்து வந்தவர், மாலையில் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"போன வாரத்துல எத்தனை நாள் காலை உணவு சாப்பிட்டீங்க அண்ணே?"

"காலையில நான் சாப்பிடறதே இல்லலா."

பூஜ்யம் என்று எழுதினேன். உள்ளே இருந்து அவர் மனைவி வந்துவிட்டார்.

"என்னா இப்படிச் சொல்றீங்க? ஒட்டுக்கடையில ரெண்டு ரொட்டி சானாய், ஒரு கிளாஸ் தே தாரேக், பத்து மணிக்குக் கேண்டீன்ல ஒரு தட்டு மீ. இதெல்லாம் யாரு வயித்துக்குள்ள போகுது?"

"அது பசியாறது," என்றார் சேகரன் பொறுமையாக. "அவுங்க சாப்பாட்டைக் கேக்கறாங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நம் வீடுகளில் சாப்பாடு என்றால் சோறு. காலையில் ஒருவரைப் பார்த்தால் நான் என்ன கேட்கிறேன்? "பசியாறிட்டீங்களா?" என்றுதான் கேட்கிறேன். பிறந்ததிலிருந்து கேட்டுவரும் சொல். பேனா பிடித்ததும் அது எனக்கு மறந்து, "காலை உணவு" வந்து உட்கார்ந்துகொண்டது. மாணிக்கம் சாரிடம் சொன்னபோது அவருக்கு வருத்தம். "பசியாறுதல் நல்ல தமிழ்தாம்மா. ஆனா அச்சுல வந்தா கொச்சையா தெரியுமே" என்றார். இரண்டு நாள் யோசித்துவிட்டு அவரே தொலைபேசியில் கூப்பிட்டு, அச்சிலேயே போட்டுவிடு என்றார்.

அடுத்த மல்லுக்கட்டு சோற்றோடு. படிவத்தில் ஒரு கிண்ணத்தின் படம் இருந்தது. "எத்தனை கிண்ணம்?" என்று கேட்க வேண்டும். சீனர் வீட்டில் அது கச்சிதமாக வேலை செய்தது. நம்மவர்கள் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "இதுல நாங்க ரசம்தானே ஊத்துவோம்" என்றார்கள். தட்டில் போட்டு, நடுவில் குழி பண்ணி, குழம்பு ஊற்றி, மறுசோறு வாங்கிச் சாப்பிடுகிறவனிடம் எத்தனை கிண்ணம் என்றால் என்ன சொல்வான்? டாக்டர் ஹமீதா படத்தை எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு தராசு, ஒரு சட்டிச் சோறு, அவரவர் வீட்டுக் கரண்டி. "உங்களுக்குப் போட்டுக்கிற மாதிரி போடுங்க" என்று சொல்லி, தட்டை எடை பார்ப்போம். வெறுந்தட்டை முதலில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்க வேண்டும். அதன்பின் சோறு. அதன்பின் மறுசோறு. சாப்பிடுகிறவர் கரண்டியைத் தூக்கும்போது நான் அவர் கையைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கை சுருங்கிவிடும். முகத்தில் ஆச்சரியம் காட்டக் கூடாது. "போதுமா?" என்று கேட்கவே கூடாது. நம் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. இப்படி வீடு வீடாகத் தூக்கிப்போன சட்டிச் சோற்றினால் என் காரில் பல மாதம் சோற்று வாடை அடித்தது.

புரட்டாசியில் மீன் பற்றிக் கேட்டு எல்லாரும் இல்லை என்றதும், வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து முடிவு கட்டியதும் தனிக்கதை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருத்தினோம். முதலாண்டு அப்படியே ஓடிவிட்டது.

அதன்பின்தான் மல்லிகா வந்தாள்.

பிறையில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. நாற்பது வயது இருக்கும். கணவர் லாரி ஓட்டுநர். மூன்று பிள்ளைகள். இனிப்புநீர் வந்து நாலைந்து வருடம். எடையும் ஏறிக்கொண்டே போனது. கிளினிக்கில் மிஸ்ஸிகள், அதாவது தாதியர்கள், ஒவ்வொரு தடவையும் குறைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். "ஒரு வேளைதான் சாப்பிடறேன் மிஸ்ஸி" என்று இவள் சொல்ல, அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்களாம். வீட்டுக்காரர் விருந்தாளிகள் முன்னால், "என் பொண்டாட்டிக்குக் காத்தைக் குடிச்சே உடம்பு வைக்கும்" என்பாராம். இதையெல்லாம் அவளே என்னிடம் சிரித்தபடி சொன்னாள். சிரித்து முடித்த பிறகு, "மெய்யாவே ஒரு வேளைதான் அக்கா" என்றாள்.

அவளுடைய படிவம் கணினியில் சிவப்பாக வந்தது. ஒருவரின் வயது, உயரம், எடைக்கு அவர் சொன்ன சாப்பாடு போதவே போதாது என்றால் கணினி அப்படிக் காட்டும். எங்கள் தொழிலில் இவர்களுக்குக் "குறைத்துச் சொன்னவர்கள்" என்று பெயர். அப்படிப்பட்ட படிவங்களை நீக்கிவிடலாம் என்று விதி இருந்தது. நான் சிவப்புப் படிவங்களைத் தனியே எடுத்து அடுக்கிப் பார்த்தேன். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். கல்யாணமானவர்கள். வேலைக்குப் போகிறவர்கள்.

"எல்லாரும் சேர்ந்து பொய் சொல்வாங்களா டாக்டர்?"

டாக்டர் ஹமீதா படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இவங்களை எடுத்துட்டா நம்ம படிவம் ரொம்ப நல்லா வேலை செய்யும்" என்றார். "படிவத்துக்குப் பொருந்துறவங்க மட்டும்தானே மிச்சம் இருப்பாங்க." பிறகு காலண்டரைப் பார்த்தார். இரண்டு வாரம் தந்தார். அதற்குள் காரணம் தெரியாவிட்டால் விதிப்படி நீக்க வேண்டும்.

யாராவது ஒருவர் வீட்டில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எடை பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். மல்லிகா உடனே சம்மதித்தாள். "வாங்க அக்கா. வந்து பாத்துட்டு எல்லாருக்கும் சொல்லுங்க" என்றாள். அவள் கையெழுத்திட்ட சம்மதத் தாளில், "நான் தராசில் வைக்கும் உணவின் விவரங்களை ஆய்வுக்குத் தருகிறேன்" என்று இருந்தது. அந்த வாக்கியத்தை எழுதியவள் நான்தான்.

ஒரு சனிக்கிழமை. தீவிலிருந்து கடல் பாலத்தைக் கடந்து காலை ஏழரைக்கெல்லாம் பிறையில் அவள் வீட்டில் இருந்தேன். ஆறாவது மாடி. சமையலறை மேசையில் தராசை வைத்து, ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். மல்லிகாவுக்குத் தராசின் மேல் கூச்சமே இல்லை. கொப்பிக் கோப்பையை வைத்தாள், சீனி போடாதது. இரண்டு உப்பு பிஸ்கட்டை வைத்தாள். எண்ணைச் சத்தமாகப் படித்தாள். நான் எழுதினேன்.

சின்ன மகள் தோசையில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனாள். மல்லிகா தட்டை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தாள். நடக்கிற நடையில் அந்தப் பாதித் தோசையை மடித்து வாயில் போட்டாள். மறு கையால் குழாயைத் திறந்தாள். அவள் கை தராசுப் பக்கம் போகவே இல்லை. மறைக்கவும் இல்லை. எனக்கு முதுகு காட்டிக்கூட நிற்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, "வெயில் இன்னிக்கு ரொம்பலா" என்றாள், வாய் நிறையத் தோசையோடு.

நான் கேட்டிருக்க வேண்டும். அல்லது விட்டிருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. தாளின் வலப்பக்கம் ஒரு கோடு கிழித்து, புதிதாக ஒரு பத்தி உண்டாக்கினேன். நேரம் போட்டு, "அரைத் தோசை, சாம்பாருடன்" என்று எழுதினேன்.

மத்தியானத்துக்குள் அந்தப் பத்தி நீண்டுவிட்டது. மகன் பொட்டலத்தில் மிச்சம் வைத்த மீ கோரெங், அதாவது வறுத்த நூடுல்ஸ். உப்புப் பார்க்கக் கையில் ஊற்றிய குழம்பு, நான்கு தடவை. சோற்றுச் சட்டியைக் கழுவுமுன் குழம்பை விட்டு வழித்த அடிச்சோறு. வீட்டுக்காரர் தட்டில் வைத்த கோழித் துண்டும் அதோடு இருந்த சோறும். மத்தியானச் சாப்பாட்டை அவள் ஒழுங்காக எடை பார்த்துச் சாப்பிட்டாள். அது குருவி கொத்துகிற அளவுதான். ஒரு வேளை என்று அவள் சொன்ன வேளை அதுதான்.

எனக்குள் அப்போது என்ன இருந்தது என்று உண்மையைச் சொல்ல வேண்டும். சந்தோஷம் இருந்தது. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்கிற சந்தோஷம்.

மாலை ஐந்து மணிக்கு, எழுதியதைச் சம்பந்தப்பட்டவருக்குப் படித்துக்காட்ட வேண்டும். அதுவும் நடைமுறை. இடப்பக்கத்தைப் படித்தேன். மல்லிகா தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். பிறகு வலப்பக்கத்தைத் தொடங்கினேன். பாதித் தோசை, மீ கோரெங், அடிச்சோறு. அவள் தலை ஆடுவது நின்றுவிட்டது.

முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எழுந்து வந்து வாசற்படியில் சாய்ந்து நின்றார். நான் படித்து முடிப்பதற்குள் சிரித்துவிட்டார். "பாத்தியா? நான் அப்பவே சொல்லல? காத்தைக் குடிக்கறாளாம்!"

பெரிய மகளும் சிரித்தாள். கெட்ட பிள்ளை இல்லை. அப்பா சிரித்ததால் சிரித்தாள்.

மல்லிகா என்னைத்தான் பார்த்தாள். "இதெல்லாம் நான் உங்ககிட்ட குடுத்தேனா அக்கா?"

"இல்ல மல்லிகா, பாத்ததை..."

"நான் தராசுல வெச்சதைத்தானே எழுதணும்னு சொன்னீங்க? இது நீங்களா எடுத்துக்கிட்டது." குரல் உயரவே இல்லை. "பிள்ளைங்க வெச்சதைக் குப்பையில கொட்ட மனசு வரல. அதைப் போயி சாப்பாடுன்னு எழுதிருக்கீங்க. என் பேரை அடிச்சுருங்க. எல்லாத்தையும்."

தராசைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். மின்தூக்கி வரை அவள் வந்து வழியனுப்பினாள். அவள் வராமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை டாக்டர் ஹமீதாவிடம் தாளைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் தாளைப் படிக்கவில்லை. கவிழ்த்து வைத்தார்.

"ரெண்டாவது பத்திக்கு அந்த அம்மா சம்மதிச்சாங்களா?"

"இல்ல டாக்டர். ஆனா அதுல இருக்கிறது உண்மை. அந்த ஒரு பத்தியால சிவப்புப் படிவம் எல்லாத்துக்கும் காரணம் தெரிஞ்சுடும்."

"உண்மைதான். உங்களோடது இல்ல."

அலுவலகத்தின் மூலையில் காகிதம் கிழிக்கும் இயந்திரம் இருந்தது. அவரே செய்திருக்கலாம், என்னைச் செய்யச் சொன்னார். மல்லிகாவின் படிவம், சம்மதத் தாள், சனிக்கிழமைத் தாள் மூன்றும் போயின. கணினியிலிருந்து அவள் வரிசையை அழித்தோம். தொலைபேசி எண்ணையும் அழித்தோம். விலகிக்கொண்டவரை நாங்களாகக் கூப்பிடக் கூடாது. எனக்குக் கண் கலங்கியது. அவளுக்காகவா, அந்தத் தாளுக்காகவா என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

"இப்போ கையில ஒண்ணுமில்ல டாக்டர்" என்றேன்.

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "நேத்து உங்க வீட்டுல சாப்பிட்ட தட்டையெல்லாம் யாரு கழுவினாங்க?"

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு என் சமையலறை நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் இளையவன் தட்டில் பாதி இறாலை வைத்துவிட்டுப் போனான். அந்த இறால் எங்கே போனது?

படிவம் தொடங்கியபோது அலுவலகத்தில் எல்லாரும் ஒரு முறை நிரப்பிப் பார்த்தோம். என்னுடையதைத் தேடி எடுத்துக் கணினியில் போட்டேன். சிவப்பு. நான் பொய் சொல்லவில்லை. கேள்வித்தாளை எழுதியவளே நான்தான். ஆனாலும் சிவப்பு.

தராசை என் சமையலறையில் வைத்தேன். ஒரு வாரம். வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, நான் வைப்பதை நான் எழுதுகிறேன் என்றுதான் தொடங்கினேன். கணவர் ஒரு பக்கம் கடித்து வைத்த வடையைத் தராசில் வைக்கும்போது அவரே வந்துவிட்டார். "என்னா இது, எச்சிலுக்கெல்லாம் தராசா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு உடனே அதைக் குப்பையில் எறிந்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லத் தோன்றியது. மல்லிகாவுக்கு அந்தச் சமையலறையில் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் என் உடம்புக்குத் தெரிந்தது. அவளோ தன் வீட்டில் தன் ஆட்கள் முன்னால், வெளியாள் ஒருத்தி உரக்கப் படிக்கக் கேட்டாள். எனக்கு அந்த அவமானம்கூட இல்லை.

வார முடிவில் என் பத்தியைக் கூட்டிப் பார்த்தேன். டாக்டர் ஹமீதாவிடம் கொடுத்தேன். என் பெயரை எழுதி, சம்மதக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். இந்தத் தடவை அவர் தாளைக் கவிழ்க்காமல் படித்தார். சிவப்புப் படிவங்கள் நீக்கப்படவில்லை.

ஆனால் கேள்வியை எழுத வேண்டுமே. அதற்குத்தான் கவிதா கேட்ட இரண்டாண்டில் நல்ல பங்கு போனது. "எச்சில்" என்று கேட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். "மிச்சம்" என்றால் குளிர்பெட்டியில் நாளைக்கு எடுத்து வைப்பது என்று நினைத்தார்கள். மாணிக்கம் சார் "எஞ்சிய உணவு" என்றார். டாக்டர் தாளைக் கவிழ்த்ததும் என் வாயில் அது வரவில்லை. எந்தச் சொல்லைப் போட்டாலும் கூடவே "சாப்பிடுவீர்களா" என்று இருந்தது. கடைசியில் அந்தச் சொல்லைத்தான் எடுக்க வேண்டும் என்று மாணிக்கம் சார் கண்டுபிடித்தார். "அவங்க அதைச் சாப்பிடறதா நினைக்கலையே அம்மா. வீணாக்காம இருக்கறதாத்தான் நினைக்கிறாங்க. அதையே கேளுங்க" என்றார். இதைத் தன் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரா என்று நான் அவரைக் கேட்கவில்லை.

இப்படித்தான் அந்தக் கேள்வி வந்தது: "நிறைய வீட்டில், பிள்ளைகளோ வீட்டுக்காரரோ தட்டில் வைத்ததை வீணாக்கக் கூடாது என்று அம்மாமார் வாயில் போட்டுக்கொள்வது உண்டு. நேற்று உங்கள் வீட்டில் அப்படி என்னென்ன இருந்தது?" கணவர் பிள்ளைகள் இல்லாத இடத்தில்தான் கேட்க வேண்டும் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் சேர்த்தோம்.

பாயான் பாருவில் முதல் முறை கேட்டபோது ஒரு பெண், "இதையெல்லாமா எழுதுவீங்க?" என்றாள். "எங்க வீட்டுல அது நான்தான்" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். நான் எழுதி முடிக்கும்போது கை வலித்தது.

எட்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் அலுவலகத் தொலைபேசி அடித்தது.

"புஷ்பா அக்காவா? பிறையிலேருந்து மல்லிகா."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அந்தப் பேப்பரு இருக்கா அக்கா? அன்னிக்கு எழுதினீங்களே."

"இல்ல மல்லிகா. கிழிச்சாச்சு. திங்கக்கிழமை ஆபீஸ் தொறந்ததுமே."

"மெய்யாவா? எங்க வீட்டுக்காரரு, அவுங்க கிழிக்க மாட்டாங்க, கம்ப்யூட்டர்ல ஏத்திருப்பாங்கன்னாரு."

"கம்ப்யூட்டர்லயும் இல்ல. உங்க நம்பர்கூட என்கிட்ட இல்ல. அதான் நான் கூப்பிடல."

"அய்யோ," என்றாள். பிறகு, "எனக்கு அது வேணும்போல இருக்கு" என்றாள். இன்சுலின் ஊசியைக் கூட்டப் போவதாகக் கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். புதிதாக வந்த டாக்டரம்மா, ஒரு நாள் சாப்பாட்டை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். இவள் எழுத உட்கார்ந்திருக்கிறாள். கொப்பி, பிஸ்கட், மத்தியானச் சோறு என்று மூன்று வரி எழுதியதும், அன்று நான் படித்துக்காட்டியது ஞாபகம் வந்து, மேலே எழுத முடியவில்லையாம்.

"மறுபடி வர்றீங்களா அக்கா? ஆனா பேனா என் கையிலதான்."

டாக்டர் ஹமீதாவிடம் சொன்னேன். "இது நம்ம ஆய்வு இல்ல. லீவு எடுத்துட்டுப் போங்க" என்றார். தராசை எடுத்துப்போகலாமா என்று கேட்டேன். நான் கேட்டது காதில் விழாததுபோல் அலமாரியைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

மறுபடியும் ஒரு சனிக்கிழமை, அதே நாற்காலி. நான் தராசில் எண்ணைப் படித்தேன்; மல்லிகா பள்ளி நோட்டு ஒன்றில் எழுதினாள். சின்ன மகள் தோசையை வைத்துவிட்டு எழுந்தபோது, மல்லிகா தட்டோடு தொட்டி வரைக்கும் போய்விட்டாள். அங்கே நின்றாள். திரும்பி வந்து தட்டைத் தராசில் வைத்தாள். "எவ்ளோ?" என்றாள். சொன்னேன். எழுதிவிட்டு, அதைச் சாப்பிட்டாள். எனக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பொழுது சாயும்போது நோட்டில் இரண்டு பக்கம் நிரம்பியிருந்தது. வீட்டுக்காரர் முன்னறையில் இருந்தார். மல்லிகா நோட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்று, முதல் வரியிலிருந்து தானே படித்தாள். எந்த வரிக்கும் குரலை இறக்கவில்லை. "உங்க தட்டுல வெச்ச கோழி" என்று வந்தபோது அவரைப் பார்த்துப் படித்தாள். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். சிரிக்கவில்லை.

திரும்பி வந்து என்னிடம் கேட்டாள். "கூட்டினா எவ்ளோ வரும் அக்கா?"

கூட்டினேன். தட்டுகளில் மற்றவர்கள் வைத்ததை மட்டும் சேர்த்தாலே, அவள் தனக்கென்று போட்டுச் சாப்பிட்ட மத்தியானச் சோற்றைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. எண்ணைக் காட்டினேன்.

அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இத்தனையா என்று திகைப்பாள், அழுவாள் என்றெல்லாம் நான் எதிர்பார்த்து என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"அப்போ நான் பொய் சொல்லல," என்றாள்.

"இல்ல மல்லிகா. நாங்கதான் கேக்கல."

இரண்டு பக்கத்தையும் மெதுவாகக் கிழித்து நான்காக மடித்துக் கிளினிக் அட்டைக்குள் வைத்தாள். பிறகு ஏதோ யோசித்தவளாய் வெளியே எடுத்து, "உங்க ஆபீசுக்கு ஒரு நகல் எடுத்துக்கணும்னா எடுத்துக்குங்க. இந்தத் தடவை நான் குடுக்கறேன்" என்றாள்.